வறட்சியில் குடும்பங்களைக் காப்பது எப்படி? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: பஞ்சம் அறிவிக்கப்பட்டதும் நன்கொடை திரட்டலாம் என்று காத்திருக்கிறோம். இது சரியா?

பதில்: தயவுசெய்து காத்திருக்காதீர்கள். உணவுப் பற்றாக்குறையை ஐந்து கட்டங்களாகப் பிரிக்கும் பன்னாட்டு முறையில் பஞ்சம் என்பது கடைசிக் கட்டம். ஒரு வட்டாரத்தில் 20 விழுக்காட்டுக் குடும்பங்கள் உணவின்றித் தவிப்பதும், 30 விழுக்காட்டுக் குழந்தைகள் உடல் மெலிவதும், நாள்தோறும் 10,000 பேரில் இருவர் இறப்பதும் தெரியவந்த பிறகே அச்சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். சோமாலியாவில் 2011 ஜூலையில் பஞ்சம் அறிவிக்கப்பட்டபோது, நேர்ந்த உயிரிழப்புகளில் ஏறத்தாழப் பாதி ஏற்கெனவே நேர்ந்துவிட்டிருந்தது.

கேள்வி: பணமாகத் தருவதா, தானியமாகத் தருவதா?

பதில்: சந்தைக்குத் தானியம் வந்துகொண்டிருந்தால் பணம் நல்லது, வரத்தே நின்றுவிட்ட இடத்தில் பணம் விலையை ஏற்றிவிடும் என்பதால் தானியமே தேவை. எதைத் தந்தாலும் காலத்தில் தர வேண்டும். வறட்சி நீள நீள எல்லாரும் ஒரே சமயத்தில் கால்நடைகளை விற்க முனைவதால் அவற்றின் விலை சரிகிறது, தானிய விலையோ ஏறுகிறது. ஒரு மாத உணவுக்கு ஈடாக இருந்த ஆடு சில நாள் உணவுக்கே ஈடாகிவிடுகிறது. உழவு மாடும் விதைத் தானியமும் கைவிட்டுப் போவதற்குள் உதவி சேர்ந்தால், அடுத்த மழைக்கு அந்தக் குடும்பத்தால் மீண்டும் விதைக்க முடியும்.

கேள்வி: எங்கள் தன்னார்வக் குழுவில் மருத்துவர் இல்லை. எந்தக் குழந்தைக்கு முதலில் உதவ வேண்டும் என்று எப்படி அறிவது?

பதில்: ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தையின் மேற்கையை நடுப்பகுதியில் நாடாவால் அளந்து பாருங்கள். சுற்றளவு 11.5 செ.மீ.க்குக் குறைந்தால் கடும் ஊட்டச்சத்துக் குறைவு. அதற்கு மேல் 12.5 செ.மீ.க்குள் இருந்தால் மிதமான குறைவு. இரு பாதங்களும் வீங்கியிருந்தால் அளவு எதுவாயினும் கடும் நிலைதான். நாடாவைத் தாய்மாரிடமே கொடுத்து அளக்கக் கற்பிப்பதே சிறந்த வழி என்பது என் உறுதியான கருத்து. கடும் நிலையிலுள்ள குழந்தைக்கு, பரிவின் மிகுதியால் ஒரேயடியாக வயிறு நிறைய ஊட்டிவிடாதீர்கள். இரத்தத்திலுள்ள தாது உப்புகளின் சமநிலை குலைந்து இதயமே நின்றுபோகக்கூடும். ஆர்வமாக உண்ணும் குழந்தைக்கு, 92 கிராம் பொட்டலத்தில் 500 கலோரி தரும் நிலக்கடலைச் சத்துப் பசையைச் சுகாதாரப் பணியாளரின் கண்காணிப்பில் வீட்டிலேயே தரலாம். உண்ண மறுக்கிற, சோர்ந்து கிடக்கிற குழந்தையை உடனே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும்.

கேள்வி: மழை பொய்த்தாலும் விளையும் மரவள்ளிக்கிழங்கை நம்பலாமா?

பதில்: முறையாகப் பக்குவம் செய்தால் நம்பலாம். வறட்சியில் கசப்பு வகைக் கிழங்கில் சயனைடு நஞ்சு கூடுகிறது. பசியின் அவசரத்திலோ ஊறவைக்கும் நாள்களைக் குறைத்துவிடுகிறார்கள். 1981இல் மொசாம்பிக்கின் வடபகுதியில் இதனால் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், கால்கள் விறைத்து முடங்கினர். கிழங்கு மாவை நீர்விட்டு நனைத்து, மெல்லிதாகப் பரப்பி, வெயிலில் இரண்டு மணி நேரமோ நிழலில் ஐந்து மணி நேரமோ வைத்தால் எஞ்சிய நஞ்சில் பெரும்பகுதி ஆவியாகிவிடும். அந்த மாவை அன்றே சமைத்துவிட வேண்டும்.