கணினி மாறினால் கணக்கு என்னவாகும்?

கேள்வி: விண்டோஸில் குவிக்கன் மென்பொருளில் பல ஆண்டுகளாக எழுதிவரும் வரவு செலவுக் கணக்கை, லினக்ஸ் இயங்குதளத்தில் குனுகேஷ் என்னும் கணக்கு மென்பொருளுக்கு மாற்ற இயலுமா?

பதில்: இயலும். குவிக்கனின் மூலக் கோப்பை குனுகேஷ் நேரடியாகத் திறக்காது என்பதால், கணக்குகளைக் க்யூஐஎஃப் (QIF) என்னும் கணக்குப் பரிமாற்றக் கோப்பு வடிவில் ஏற்றுமதி செய்து, அக்கோப்பை குனுகேஷில் இறக்குமதி செய்ய வேண்டும். இது வெறும் எழுத்துக் கோப்பு. எந்த இயங்குதளத்திலும் திறக்கும். ஆனால் தேதியின் வரிசைமுறை அதில் குறிக்கப்படுவதில்லை. 03/04 என்பது மார்ச் 4-ஆ, ஏப்ரல் 3-ஆ என்பதை நீங்கள்தான் தெரிவிக்க வேண்டும். பலரும் சறுக்குவது இங்கேதான். சேமிப்புக் கணக்கிலிருந்து கடன் அட்டைக்குச் செலுத்திய தொகை இரு கணக்குகளிலும் பதிவாகியிருக்கும் என்பதால், அது இருமுறை ஏறிவிட்டதா என்றும் பாருங்கள். ஒவ்வொரு கணக்கின் இறுதி இருப்பும் கடைசி இலக்கம் வரை ஒத்துப்போகும்வரை பழைய கோப்பை அழிக்காதீர்கள்.