நாள் முழுக்க டைப் செய்வதால் மணிக்கட்டு வலிக்கிறது. கீபோர்டை மாற்றினால் குறையுமா?

குறையலாம். ஆனால் கடைக்குப் போகும் முன் இப்போது இருக்கும் கீபோர்டைக் கவிழ்த்துப் பாருங்கள். பின்பக்கம் இரண்டு குட்டிக் கால்கள் இருக்கும். அவற்றை மடக்கிவிடுங்கள், காசு செலவில்லை. அந்தக் கால்கள் கீபோர்டின் பின்விளிம்பைத் தூக்குகின்றன. விசைகளை எட்ட நம் கை மணிக்கட்டிலிருந்து மேல்நோக்கி வளைகிறது. மணிக்கட்டுக்குள் இருப்பதோ குறுகிய ஒரு சுரங்கம். விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும் ஒரு நரம்பும் அதற்குள்தான் நெருக்கியடித்துப் போகின்றன. கை வளைந்தால் உள்ளே அழுத்தம் கூடும். மெக்கானிக்கல் கீபோர்டு (ஒவ்வொரு விசைக்கும் தனி ஸ்விட்ச் உள்ளது) மேல் ஆசை இருந்தால் சத்தத்தை விட உயரத்தைக் கவனியுங்கள். பல மாடல்கள் தடிமனானவை, அதனாலும் இதே வளைவு வரும்.

அடுத்தது அகலம். நேர்கோட்டுக் கீபோர்டில் இரு கைகளையும் நடுவில் கொண்டுவரும்போது மணிக்கட்டு சுண்டுவிரல் பக்கமாகத் திரும்புகிறது. 1994இல் மைக்ரோசாஃப்ட் நேச்சுரல் கீபோர்டை இரண்டாகப் பிளந்து வடிவமைத்தது இதைக் குறைக்கத்தான். வலப்பக்க நம்பர் பேடும் மவுஸைத் தள்ளி வைத்துத் தோளை இழுக்கிறது. டேலி என்ற கணக்கு மென்பொருளில் உட்காருபவருக்கு அது இல்லாமல் ஆகாது, எழுதுபவருக்கு எதற்கு?

தமிழில் டைப் செய்பவர் என்றால் இன்னொன்றும் உண்டு, எந்த முறையில் தட்டுகிறோம் என்பது. கீபோர்டு விலையைப் பற்றிப் பேசும் அளவுக்கு இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆங்கில எழுத்துகளை வைத்து ‘வணக்கம்’ அடிக்க 8 எழுத்து. அஞ்சல் போன்ற ஆங்கில ஒலிவழித் தட்டச்சு முறைகளில் ‘ண’வுக்கு ஷிஃப்ட் வேறு. ள, ற எல்லாவற்றுக்கும் அப்படியே, பாவம் சுண்டுவிரல். 1999இல் தமிழக அரசு அறிவித்த தமிழ்99 என்ற விசை அமைப்பில் வ, ண, க, க, ம, புள்ளி என்று 6 தட்டுதான். ‘க்’கின் புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். உயிர் இடக்கையில், மெய்யில் பெரும்பாலானவை வலக்கையில். க, ப, ம, த, ந நடுவரிசையிலேயே இருக்கின்றன. ஷிஃப்ட் பெரும்பாலும் ஜ, ஷ போன்ற கிரந்த எழுத்துகளுக்குத்தான். நான் மாறிய புதிதில் வேகம் ஆமையாகிவிட்டது, எரிச்சலாகத்தான் இருந்தது. இப்போது திரும்பிப் போக மனமில்லை.

முன்னால் வைக்கும் மெத்தைப் பட்டை, டைப் அடிக்காத நேரத்தில் கையை வைக்க மட்டும். அதில் அழுத்திக்கொண்டே அடித்தால் அந்தச் சுரங்கத்தின் மேலேயே பாரம் விழும்.

இரவில் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்துப்போனால் கீபோர்டு தேடிக்கொண்டிருக்க வேண்டாம், மருத்துவரைப் பாருங்கள்.