கருவுற்ற காலமும் ஆலைப் புகையும்: கேள்வி பதில்

காற்று மாசும் பிறப்பு எடையும்தான் என் ஆய்வுத் துறை. ஸ்கேன் அறிக்கைகளை எனக்கு அனுப்பாதீர்கள். அவற்றைப் பார்க்க வேண்டியவர் உங்கள் மகப்பேறு மருத்துவர்.

ரேவதி: ஐந்தாம் மாதம். ஆலை இரண்டு கிலோமீட்டரில் இருக்கிறது. நாற்றம் எதுவும் வருவதில்லை. பயப்பட வேண்டுமா?

நாற்றத்தை வைத்துக் காற்றை எடை போடாதீங்க. பி.எம் 2.5 என்னும் நுண்துகள் தலைமுடித் தடிமனில் முப்பதில் ஒரு பங்குகூட இருக்காது. மூக்குக்கும் தெரியாது, கண்ணுக்கும் தெரியாது. ஆலைப் பக்கம் காற்றை உறிஞ்சும் கருவியில் வெள்ளை வடிதாளைப் பொருத்தி, மறுநாள் எடுத்தால் பென்சில் கரி நிறத்தில் இருக்கும். நான் எடுத்துப் பார்த்திருக்கிறேன். அந்தக் காற்றுதான் நுரையீரலுக்குள் போகிறது.

அங்கே அது உண்டாக்கும் அழற்சி ரத்தத்தில் பரவி, நஞ்சுக்கொடியின் ரத்த ஓட்டத்தைப் பாதிக்கலாம். பெல்ஜியம் ஆய்வாளர்கள் 2019இல் நஞ்சுக்கொடியில் குழந்தையின் பக்கத்திலேயே கரித்துகள்களைக் கண்டார்கள். அதே சமயம் பாதிப்பின் அளவும் தெரிய வேண்டும். 2008 ஒலிம்பிக்கின்போது பெய்ஜிங்கில் ஆலைகளையும் வாகனங்களையும் கட்டுப்படுத்தினார்கள். எட்டாம் மாதம் அந்த நாட்களில் அமைந்த குழந்தைகள், முந்தைய, அடுத்த ஆண்டுக் குழந்தைகளைவிடச் சராசரியாக 23 கிராம் கூடுதல் எடையுடன் பிறந்தன. ஒரு குழந்தைக்கு இது சிறிய எண். ஊர் முழுக்கப் பார்த்தால், எடைக்குறைவு என்று கணக்கிடும் 2.5 கிலோ எல்லையை ஒட்டி நிற்கும் குழந்தைகள் பல, காற்று மாசால் அதற்குக் கீழே தள்ளப்படுகின்றன. பயந்து தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீங்க. மருத்துவரிடம் வீடு எங்கே என்று சொல்லிவிடுங்கள்.

கார்த்திகா: எந்த முகக்கவசம்?

முகத்தோடு ஒட்டி நிற்கும் என்95. துகளைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. மூச்சு முட்டினால் கழற்றிவிடுங்கள்.

செல்வம்: ஆலைப் பக்கம் இருப்பவர்கள் ஏழைகள். சத்துக்குறைவால் வரும் எடைக்குறைவைப் புகை மேல் போடுகிறீர்கள்.

நியாயமான கேள்வி. அதனால்தான் ஆலை மூடிய ஊர்களைப் பார்க்கிறோம். அமெரிக்காவின் யூட்டா பள்ளத்தாக்கில் ஓர் எஃகு ஆலை 1986 ஆகஸ்டிலிருந்து சுமார் 13 மாதம் மூடிக் கிடந்தது. அந்தக் காலத்தில் கருவுற்றிருந்தவர்களிடம் 37 வாரத்துக்கு முந்தைய குறைப்பிரசவம் குறைந்தது. ஆலை திறந்ததும் பழையபடி ஆனது. பள்ளத்தாக்குக்கு வெளியே இந்த மாற்றம் இல்லை.

செல்வம்: ஆலை மூடினால் வேறு பலதும் மாறுமே?

மாறும். கூலி நின்றுபோகும். அதனால் பிரசவங்கள் மோசமாகியிருக்க வேண்டும், ஆனால் மேம்பட்டன. இன்னொன்று: கலிஃபோர்னியாவில் 2001 முதல் 2011 வரை எட்டு அனல்மின் நிலையங்கள் மூடப்பட்டன. 5 கிலோமீட்டருக்குள் குறைப்பிரசவம் 7.0 சதவீதத்திலிருந்து 5.1 ஆனது. வறுமை ஒரு காரணம் என்பதை நான் மறுக்கவே இல்லை. சத்தும் குறைந்து காற்றும் கெட்டால் இரண்டும் ஒரே தாயின் மேல்தான் விழுகிறது. "வறுமைதான்" என்று முடித்துவிட்டால் புகைபோக்கியை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள், செல்வம். அதுதான் என் ஆதங்கம்.

ஜெயா: துப்பட்டாவை மடித்துக் கட்டினால் போதுமா?

போதாது. நுண்துகள் துணியில் நிற்காது.

பெயர் சொல்லாதவர்: மாஸ்க் எது நல்லது?

மேலே கார்த்திகாவுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

ஃபாத்திமா: காற்று சுத்திகரிப்பான் பயன் தருமா?

நுண்துகளைப் பிடிக்கும் ஹெப்பா (HEPA) வடிகட்டி உள்ளது தரும். மங்கோலியாவின் உலான்பாட்டரில் 540 கர்ப்பிணிகளிடம் சோதித்தார்கள். நிறைமாதத்தில் பிறந்தவற்றில், கருவி வைத்த வீட்டுக் குழந்தைகள் சராசரியாக 85 கிராம் கூடுதல். எல்லாப் பிறப்புகளையும் சேர்த்தால் வித்தியாசம் உறுதியாகவில்லை. ஓசோன் உமிழும் கருவி வேண்டாம். நாற்றம் இல்லாத நாளிலும் ஓட விடுங்கள்.

வசந்தி: முதல் குழந்தை 2.1 கிலோ. அந்த வீட்டிலேயே இருந்தது என் தப்பா?

இல்லம்மா. உங்கள் தப்பே இல்லை. ஒரு குழந்தையின் எடைக்கு இதுதான் காரணம் என்று எந்த ஆய்வாலும் கைகாட்ட முடியாது. ஆலைக்கு வடிகட்டி போடுவதும் உங்கள் பொறுப்பு இல்லை. அடுத்த முறை, முதல் பரிசோதனையிலேயே அந்த 2.1ஐச் சொல்லுங்கள். வளர்ச்சியைக் கவனிக்கக் கூடுதல் ஸ்கேன் தேவையா என்று மருத்துவர்கள் முடிவு செய்வார்கள்.