வாசகர் கேள்வி: தமிழ்ப் பெயரில் தடுக்கி விழும் மென்பொருள்

கேள்வி: தக்கலையில் சிறிய அச்சகம் நடத்துகிறேன். நாகர்கோவில், மார்த்தாண்டம் ஸ்டுடியோக்காரர்கள் தங்கள் சர்வரில் வைக்கும் ஆல்பப் படங்களை, எங்கள் லினக்ஸ் கணினியில் ஒரு திறமூல எஃப்.டி.பி. (கோப்புப் பரிமாற்ற) நிரலைக் கொண்டு இறக்கிக்கொள்கிறோம். அந்த நிரலைப் பராமரிக்கப் பல ஆண்டுகளாக ஆளில்லை. ‘கோட்டாறு சவேரியார் திருவிழா’ போன்ற சில கோப்புறைகளைத் தொட்டால் ‘ஃப்ரீ: இன்வேலிட் நெக்ஸ்ட் சைஸ்’ என்று சொல்லிவிட்டு மூடிக்கொள்கிறது, அதே ஆல்பம் மறுநாள் ஒழுங்காக இறங்குவதும் உண்டு. பிழை தேடும் கருவியான ஜி.டி.பி.யில் பார்த்தபோது, இறக்கம் முடிந்த கோப்பை வரிசையிலிருந்து நீக்கும் இடத்தில் விழுவதாகக் காட்டியது. அந்த வரிகளை எத்தனை முறை படித்தும் தவறு புலப்படவில்லை. வேறு எங்கே தேடுவது?
– தக்கலை வாசகர்

பதில்: அந்த வரிகளில் தவறு இல்லை, அதனால்தான் உங்களுக்குப் புலப்படவில்லை. நிரல் கேட்டு வாங்கும் ஒவ்வொரு நினைவகத் துண்டையும் ஒட்டி, அதன் அளவைக் குறித்த ஒரு சிறு கணக்கை லினக்ஸின் சி நூலகம் எழுதி வைக்கிறது. யாரோ ஒரு துண்டின் எல்லையைத் தாண்டி எழுதி, பக்கத்துத் துண்டின் கணக்கை அழித்திருக்கிறார்கள். எல்லைக்கல்லை நகர்த்தியது என்றைக்கோ நடந்திருக்க, நில அளவையர் வந்து சங்கிலி பிடிக்கும் நாளில்தான் வழக்கு வெளியே வருவதைப் போல, அந்தத் துண்டைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் நூலகம் கணக்கைச் சரிபார்த்து நிரலை நிறுத்துகிறது. ஜி.டி.பி. காட்டுவது அளவையர் நின்ற இடத்தை மட்டுமே.

கல்லை நகர்த்தியவரைக் கையும் களவுமாகப் பிடிக்க, ஜி.சி.சி. தொகுப்பியில் 4.8 பதிப்பிலிருந்தே உள்ள, எல்லை மீறும் எழுத்தை அந்த இடத்திலேயே பிடிக்கும் அட்ரஸ் சானிடைசரை இயக்கி நிரலை மறுபடி தொகுக்க வேண்டும். நீங்கள் அனுப்பிய மூலநிரலை நானும் அவ்வாறு தொகுக்க முயன்றேன். முதல் முயற்சியில் தொகுப்பே நடக்கவில்லை. பராமரிப்பற்ற பழைய சி நிரல்களில் இது வழக்கமான தலைவலி. ஒரே பொது மாறியைப் பல கோப்புகளில் அறிவிக்கும் பழைய பழக்கத்தை ஜி.சி.சி. 10 இயல்பாக ஏற்பதில்லை. முன்னறிவிப்பில்லாமல் சார்பை (ஃபங்ஷன்) அழைப்பதை ஜி.சி.சி. 14 பிழையாகவே கொள்கிறது. முதலாவதற்கு ‘எஃப்காமன்’ விருப்பத்தைச் சேர்த்தும், இரண்டாவதற்கு விடுபட்ட தலைப்புக் கோப்புகளை இணைத்தும் தொகுத்தேன். இந்தத் திருத்தங்களை உண்மையான பிழைக்கான திருத்தத்தோடு கலக்காமல் தனியாகச் சேமித்துக்கொள்ளுங்கள்.

அதன்பின் ஓடவிட்டபோது நிரல் விழுந்த இடம் முற்றிலும் வேறு. சர்வர் தரும் கோப்புறைப் பெயரையும் கோப்புப் பெயரையும் ஒட்டி முழுப் பாதையாக்கும் சார்பு, 256 பைட் கொண்ட ஒரு துண்டில் நீளம் பாராமல் எழுதிக்கொண்டிருந்தது. ஆங்கிலப் பெயர்களுக்கு அது தாராளம். நீங்கள் குறிப்பிட்ட ‘கோட்டாறு சவேரியார் திருவிழா’ என்ற பெயரை எண்ணிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரிபவை 13 எழுத்துகள். யுனிகோடில் அகர உயிர்மெய்யும் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகளாகி 25 வருகின்றன; யு.டி.எஃப். 8 முறையில் ஒவ்வொன்றுக்கும் 3 பைட். இரண்டு இடைவெளிகளையும் சேர்த்தால் 77 பைட். இப்படி மூன்று கோப்புறைகள் ஒன்றுக்குள் ஒன்றாக இருந்தால், சாய்கோடுகள் உட்பட 233 ஆகிறது. படத்தின் பெயர் சற்றே நீண்டால் எல்லை தாண்டிவிடும்.

ஒரு நாள் விழுந்து மறுநாள் விழாததற்கும் இதிலேயே விடை இருக்கிறது. நினைவகம் குறிப்பிட்ட மடங்குகளில் வழங்கப்படுவதால் சில பைட் மிகுந்தால் யாருக்கும் சேதமில்லாமல் போகலாம். பக்கத்துத் துண்டில் அன்று என்ன இருந்தது என்பதையும் பொறுத்தது. மேக் கணினிகளின் பழைய எச்.எஃப்.எஸ். பிளஸ் கோப்பு முறை வேறு தன் பங்குக்குக் குழப்புகிறது: ‘கோ’வின் ஓகாரக் குறியை அது ஏகாரக் குறியாகவும் காலாகவும் பிரித்துச் சேமிக்கும். பார்வைக்கு அதே பெயர், ஆனால் 77 பைட் 80 ஆகிவிடும்.

திருத்தும்போது 256 ஐ 1024 ஆக்கிவிட்டு நிம்மதியடைய வேண்டாம். அது வழக்கை வாய்தா போடுவது. எஸ்என்பிரின்ட்எஃப் என்ற சார்பைக் கொண்டு நீளத்தை வெட்டுவதும் உங்களுக்கு ஆகாது. வெட்டு ஓர் எழுத்தின் நடுவில் விழும். கடைசி எண்ணில் மட்டும் வேறுபடும் இரு படங்கள் ஒரே பெயராகி ஒன்றை ஒன்று அழித்துவிடும். கல்யாண ஆல்பத்தில் இது நடந்தால் பெண் வீட்டாருக்கு என்ன பதில் சொல்வீர்கள்? பெயர்களின் நீளத்தை முதலில் அளந்து, சாய்கோட்டுக்கு ஒன்றும் முடிவுக்குறிக்கு ஒன்றும் கூட்டி, அந்த அளவுக்கே நினைவகம் கேளுங்கள். சோதனைக்கு ‘க’வை 85 முறை அடுக்கிய பெயரில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு கோப்புறைகளை உருவாக்குங்கள், ஒவ்வொன்றும் 255 பைட், ஈ.எக்ஸ்.டி. 4 கோப்பு முறையில் ஒரு பெயருக்கான உச்சவரம்பு அதுவே. திருத்தும் வரை, அறிமுகமில்லாத சர்வர்களுடன் இந்த நிரலை இணைக்காதீர்கள். பெயரைத் தருவது சர்வர் என்பதால், வேண்டுமென்றே நீண்ட பெயரைத் தந்து இந்த ஓட்டை வழியாக உள்ளே வர முயல்பவர்களும் இருக்கக்கூடும்.

கேள்வி: இத்தகைய நிரலைத் திருத்தி, ஆசிரியர் பதிலளிக்காத நிலையில், நாமே மற்றவர்களுக்கு வழங்கலாமா?
– குழித்துறை வாசகர்

பதில்: ஜி.பி.எல். என்ற திறமூல உரிமத்தில் வந்ததென்றால் அனுமதி கேட்கத் தேவையில்லை. பழைய பதிப்புரிமைக் குறிப்புகளை அழிக்காமல், நீங்கள் மாற்றியதையும் மாற்றிய தேதியையும் எழுதி, மூலநிரலையும் கிடைக்கச் செய்ய வேண்டும். அதற்கு முன் டெபியன் போன்ற லினக்ஸ் வெளியீடுகள் தங்கள் தொகுப்பில் தனியாக வைத்திருக்கும் திருத்தங்களைப் பாருங்கள்; ஆசிரியர் கைவிட்ட நிரலுக்கும் அங்கே யாரேனும் ஒட்டுப்போட்டு வைத்திருப்பது உண்டு.