நடு இரவில் விழிப்பு வருகிறது, என்ன செய்வது?

கேள்வி: எனக்கு வயது 52. நீடாமங்கலம் பக்கம் சாகுபடி செய்கிறேன். மும்முனை மின்சாரம் இரவில் வந்தபோது மோட்டார் போடப் போய்ப் போய்த் தூக்கம் கெட்டது. சம்பா அறுவடை முடிந்த பிறகும் இரண்டு மணிக்கு விழித்துக்கொள்கிறேன். கடன் நினைவு வந்துவிடுகிறது. எட்டரை மணிக்கே படுத்தும், பகலில் தூங்கியும் ஈடுகட்டப் பார்க்கிறேன். மாத்திரை இல்லாமல் சரியாகுமா? பாலில் ஜாதிக்காய் போட்டுக் குடிக்கலாமா?

பதில்: சரியாகக்கூடியதுதான் ஐயா. ஆனால் தூக்கம் வரவேண்டும் என்று படுக்கையில் காத்திருப்பதை விட்டுவிட்டு, எழும் நேரத்தை முதலில் நிலைப்படுத்துங்கள். எந்த நேரத்தில் தூங்கினாலும், தூங்காமலே கிடந்தாலும், காலை ஐந்தரைக்கு எழுந்து, பொழுது புலர்ந்ததும் அரை மணி நேரம் வயல் வரப்பில் நடந்து வாருங்கள். கண்ணில் படும் காலை வெளிச்சம்தான், எப்போது விழிக்கவேண்டும், எப்போது உறங்கவேண்டும் என்பதை உடலுக்கு உணர்த்துகிறது. இரவில் மோட்டார் போடப் போய்க் குழம்பிப்போன உங்கள் உடல் பழைய ஒழுங்குக்குத் திரும்பச் சில வாரங்கள் ஆகலாம்.

எட்டரை மணிக்கே படுப்பது உங்களுக்கு உதவாது. கண் சொக்கும்போது, பத்து மணி வாக்கில் படுத்தால் போதும். பகல் உறக்கத்தையும், மூன்று மணிக்கு முன்பாக, அரை மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். இரவில் விழித்து இருபது நிமிடம் போல ஆகியும் கண் மூடவில்லையென்றால் எழுந்து திண்ணையில் உட்காருங்கள். தூக்கம் அழுத்தும்போது மட்டும் பாய்க்குத் திரும்புங்கள். அந்த நேரத்தில் கைபேசியை எடுத்து மேட்டூர் நீர்மட்டம் பார்க்கவேண்டாம். 120 அடியில் எத்தனை அடி இருக்கிறது என்று இரவில் தெரிந்துகொண்டு உங்களால் எதுவும் செய்ய முடியாது; மனம் மட்டும் முழுதாக விழித்துவிடும்.

மாலைக் காபியை நிறுத்திவிடுங்கள், குடித்ததில் பாதி ஐந்தாறு மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும். மது உறங்க வைப்பதுபோல் தோன்றினாலும் பின்னிரவுத் தூக்கத்தைத் துண்டாக்கும். பாலில் ஒரு சிட்டிகை ஜாதிக்காய் கெடுதல் இல்லை. கரண்டிக் கணக்கில் போட்டால் படபடப்பும் மனக்குழப்பமும் உண்டாகும், அது நஞ்சு.

கடனைப் பற்றிய கவலைக்குச் சாயங்காலத்திலேயே இடம் கொடுங்கள். விளக்கு வைத்த பிறகு மனைவியுடன் உட்கார்ந்து, கூட்டுறவுச் சங்கத்துக்கு எவ்வளவு, நகைக்கடனுக்கு எவ்வளவு, நெல் போட்ட பணம் எப்போது வரும், நாளை யாரைப் பார்ப்பது என்பதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி மூடிவையுங்கள். தனியாகச் சுமக்கும்போதுதான் கடன் இரவில் பெரிதாகத் தெரிகிறது. வீட்டாரிடம் மறைப்பதை நான் கௌரவமாகக் கருதவில்லை.

பலத்த குறட்டை, இரவில் அடிக்கடி சிறுநீர் போதல் இருந்தால் சர்க்கரையும் சேர்த்து மருத்துவரிடம் பரிசோதித்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் நாட்டமின்றி, சாப்பாடு செல்லாமல், இருந்து என்ன பயன் என்ற எண்ணம் வருமானால் அது வீட்டு வைத்தியத்துக்கு உரியதல்ல. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள். வாழவேண்டாம் என்ற நினைப்பு எழுந்தால் அன்றே, எந்த நேரமானாலும், அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் இலவச எண் 14416-ஐ அழையுங்கள், தமிழில் பேசலாம். வீட்டில் பூச்சிமருந்து இருந்தால் அதை இப்போதே பூட்டிச் சாவியை மனைவியிடம் கொடுத்துவிடுங்கள்.