கொல்லிமலை இறக்கத்தில் பிரேக் பெடல் மெத்தென்று போனால்

பிரேக் பேடை, அதாவது சக்கரத் தட்டை இறுக்கிப் பிடிக்கும் கட்டையை, மாற்ற அவசரப்பட வேண்டாம், முதலில் பிரேக் ஆயிலை மாற்றுங்கள். கொல்லிமலையிலிருந்து இறங்கும்போது பாதி வழியில் பெடல் மெத்தென்று உள்ளே போனது, அரை மணி நேரம் நிறுத்தியதும் சரியானது என்கிறீர்கள். அநேகமாக ஆயில் கொதித்திருக்கிறது. பேட் மட்டும் சூடாகியிருந்தால் பெடல் கெட்டியாகவே இருக்கும், வண்டிதான் நிற்காது.

பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். டாட் 4 என்ற தரத்தில் வரும் புது ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறினால் 155 வரைகூட இறங்கிவிடும். 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் காலை எடுக்காமல் மிதித்து வந்தால் அந்தச் சூடு எளிதாக வரும். ஆயிலில் ஆவிக் குமிழ் உண்டாகி, உங்கள் மிதி குமிழை அமுக்குவதிலேயே போய்விடுகிறது.

1. சர்வீஸ் புத்தகத்தில் ஆயில் எப்போது மாற்றியது என்று பாருங்கள். இரண்டு வருடம் தாண்டியிருந்தால் யோசிக்கவே வேண்டாம். மேலே ஊற்றி நிரப்பினால் போதாது, நான்கு சக்கரத்திலும் பழையதை வெளியேற்றச் சொல்லுங்கள்.
2. அடுத்த முறை ஏறிய கியரிலேயே இறங்குங்கள். பெரும்பாலும் இரண்டாவது கியர்தான். இன்ஜின் இரைகிறதே என்று பயப்பட வேண்டாம், ஆக்சிலரேட்டரில் கால் இல்லாதவரை அது நல்ல சத்தம். நான் ஒரு முறை மூன்றாவதில் இறங்கி, அடிவாரத்தில் கருகிய வாடையோடு நின்றேன். சக்கரத்தின் அருகே கை கொண்டுபோக முடியவில்லை.

ஆனால் வண்டி ஆறியிருக்கும்போதும் சமதரையில் பெடல் மெல்ல இறங்கினால் விஷயம் வேறு: கசிவோ, மிதிக்கும்போது ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரில் கோளாறோ இருக்கலாம். அப்போது ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், மெக்கானிக்கை வீட்டுக்கே வரச் சொல்லுங்கள்.