மேக்ஸ் ஹெட்ரூமைப் பார்த்துச் செய்தியாளராக ஆசைப்படும் தம்பிக்கு என்ன படிப்பு?

ஆச்சிக்கு வணக்கம்.

பிளஸ் டூ படிக்கும் உங்கள் மகன் டிவி செய்தியாளர் ஆகப்போகிறேன் என்கிறான். அவன் மனசில் இருப்பதோ 'மேக்ஸ் ஹெட்ரூம்' என்ற பழைய அமெரிக்க அறிவியல் புனைவுத் தொடரில் தன் பேச்சைத் தானே மெச்சிக்கொள்ளும் ஒரு திரை முகம். கண்ணாடி முன் நின்று அதைப் போலவே திக்கித் திக்கிப் பேசிப் பார்க்கிறான். காரைக்குடியில் கடை வைத்துப் பிழைக்கிற குடும்பத்துப் பிள்ளை பகட்டுக்குப் போய்விடுவானோ என்று அவன் அப்பச்சி, அதாவது அப்பா, கலங்குகிறார். உங்கள் கடிதத்தின் சாரம் இதுதானே?

தம்பியைத் திட்ட வேண்டாம். நாலு பேர் தன்னைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை துளியும் இல்லாதவர்கள் கேமரா முன் நிற்கவே மாட்டார்கள். அந்த ஆசையை எதன் மேல் கட்டப்போகிறான் என்பதுதான் கேள்வி. அதற்குப் பதில் அந்தத் தொடரிலேயே இருக்கிறது. அவனோடு உட்கார்ந்து நீங்களும் பாருங்கள்.

1985-இல் பிரிட்டனில் தொலைக்காட்சிப் படமாக வந்து, 1987-இல் அமெரிக்காவில் தொடரான கதை அது. எடிசன் கார்ட்டர், நெட்வொர்க் 23 என்ற சேனலின் செய்தியாளன். கேமராவைத் தானே தூக்கிக்கொண்டு தெருவில் இறங்குகிறவன். விளம்பரங்களைச் சில நொடிகளுக்குள் சுருக்கித் திணிக்கும் உத்தியால் பார்வையாளர்கள் உயிர் போகிறது என்று கண்டுபிடிக்கிறான். அதைச் செய்வது அவன் சம்பளம் வாங்கும் அதே சேனல். தப்பி ஓடும்போது பைக்கில் போய் ஒரு தடுப்பில் மோதுகிறான். அவன் மூளையைக் கம்ப்யூட்டரில் நகலெடுக்கிறார்கள். அந்த நகல்தான் மேக்ஸ்.

மேக்ஸுக்குத் தலையும் தோளும் மட்டும்தான். கால் கிடையாது, எந்தத் தெருவுக்கும் போக முடியாது. என்னதான் வாய்ச்சாலகம் இருந்தாலும், போய்ப் பார்த்துச் செய்தி கொண்டுவருகிறவன் எடிசன். அவனும் தனியாள் இல்லை. கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து எந்தக் கதவு, எந்த வழி என்று காதில் சொல்லிக்கொண்டே இருக்கிறாள் தியோரா ஜோன்ஸ். முர்ரே என்ற தயாரிப்பாளர் நிகழ்ச்சியைத் தாங்குகிறார். பிரைஸ் லிஞ்ச் என்ற பையன், கிட்டத்தட்ட உங்கள் மகன் வயதுதான், தொழில்நுட்பம் முழுக்க அவன் கையில்.

நிஜச் சேனலிலும் இதே கதைதான். நிருபர், கேமராமேன், யார் எந்தச் செய்திக்குப் போவது என்று பிரித்துக் கொடுக்கும் அசைன்மென்ட் டெஸ்க், எடிட்டர், கிராபிக்ஸ், புரொடியூசர் என்று ஒரு கூட்டமே உழைத்த பிறகுதான் வாசிக்கிறவர் வாயைத் திறக்கிறார். இவர்களில் யாருடைய வேலை உனக்குப் பிடிக்கிறது என்று தம்பியைக் கேளுங்கள். மேக்ஸ் என்றே சொன்னாலும் பரவாயில்லை. ஆனால் இரண்டு சேதி அவன் காதில் விழ வேண்டும்.

ஒன்று, அந்த நாளில் கம்ப்யூட்டரால் அப்படி ஒரு முகத்தை உருவாக்கவே முடியாது. மாட் ஃப்ரூவர் என்ற நடிகர் மணிக்கணக்கில் ஒப்பனைக்கு உட்கார்ந்து, முகத்தில் செயற்கை உறுப்புகளை ஒட்டிக்கொண்டுதான் மேக்ஸ் ஆனார். அந்தத் தற்பெருமைக்காரனுக்குப் பின்னால் இருந்தது ஒரு மனிதரின் பொறுமை.

இன்னொன்று, இன்று கம்ப்யூட்டரால் முடியும். 2023-இல் ஒடிசாவின் ஓடிவி 'லிசா' என்ற செயற்கை நுண்ணறிவு வாசிப்பாளரைக் கொண்டுவந்தது. 2024 மே மாதம் தூர்தர்ஷனின் டிடி கிசான் சேனல், கிரிஷ், பூமி என்று இரண்டு பேரை இறக்கியது. வெறும் முகத்தையும் குரலையும் நம்பி இந்தத் தொழிலுக்கு வருகிறவனுக்கு இனி போட்டி இவர்களோடுதான். ஊருணி ஏன் வற்றியது என்று கரையில் நின்று நாலு பேரைக் கேட்டு வருகிற வேலைக்கு அவர்களால் வர முடியாது.

படிப்புக்கு வருவோம். பிளஸ் டூ முடித்ததும் பெரும் பணம் கட்டி ஊடகப் படிப்பில் சேர்ப்பதை நான் அவ்வளவாக விரும்புவதில்லை. முதலில் ஒரு பாடத்தை ஆழமாகப் படிக்கட்டும். பொருளாதாரமோ, வரலாறோ, இயற்பியலோ எதுவானாலும் சரி. அழகப்பா அரசு கலைக் கல்லூரி வீட்டுப் பக்கத்திலேயே இருக்கிறது, செலவும் குறைவு. அதன்பின் சென்னை ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசம், டெல்லியில் ஐஐஎம்சி என்கிற இந்திய மக்கள் தொடர்பியல் கழகம் போன்ற இடங்களின் முதுநிலை டிப்ளமோவுக்கு நுழைவுத் தேர்வு எழுதலாம். எந்தப் பட்டம் பெற்றவர்களும் விண்ணப்பிக்கலாம். பொருளாதாரம் தெரிந்த நிருபர் பட்ஜெட் அன்று தனித்துத் தெரிவார்.

அவனுக்கு அறிவியல் புனைவில் இவ்வளவு ஈடுபாடு இருப்பதால் அறிவியல் செய்தியாளர் என்ற வழியையும் யோசிக்கச் சொல்கிறேன். தமிழில் அதற்கு ஆள் மிகவும் குறைவு. நம் ஊரிலேயே சிக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டிய ஆய்வகம். பேட்டரி, உலோக அரிப்பு என்று அங்கே நடப்பதைப் பாமரருக்குப் புரிகிற தமிழில் சொல்லக் கற்றுக்கொண்டால் அவன் தொழில் அங்கேயே தொடங்கிவிடும். சிக்ரி, சிஎஸ்ஐஆர் என்ற மத்திய அரசின் அறிவியல் ஆராய்ச்சி அமைப்பைச் சேர்ந்தது. அந்த அமைப்பின் நிறுவன நாளான செப்டம்பர் 26-ஐ ஒட்டி அதன் ஆய்வகங்களைப் பொதுமக்கள் பார்க்க விடுவார்கள். கூட்டிக்கொண்டு போங்கள்.

அதற்கு முன் ஒரு பயிற்சி. முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் இருக்கின்றன அல்லவா? இடித்த வீடுகளின் தூண், கதவு, எனாமல் பாத்திரம் எல்லாம் அங்கே வந்து சேர்கின்றன. யார் விற்கிறார்கள், யார் வாங்குகிறார்கள், எங்கே போகிறது? போனிலேயே மூன்று நிமிடம் படம் எடுக்கட்டும். ஒரே நிபந்தனை, அவன் முகம் ஒரு நொடிகூட வரக் கூடாது. குரல் மட்டும். முடித்ததும் இன்னும் இரண்டு தெருவுக்குப் போகலாமா என்று கேட்டால் இந்தத் தொழில் அவனுக்கு ஒத்துவரும். என் முகம் வரவில்லையே என்றுதான் வருத்தப்படுகிறான் என்றால் அதிலும் தப்பில்லை, நடிப்பு, தொகுப்பாளர் வேலை பற்றித் தனியாகப் பேசிக்கொள்ளலாம்.

தினமும் அரை மணி நேரம் நாளிதழைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். ழகர, ளகரம் பிசகினால் அவன் ஆயாவே, அதாவது பாட்டியே, திருத்தட்டும். கம்பன் விழாப் பேச்சுப் போட்டிகளுக்கும் பெயர் கொடுக்கட்டும்.

அவன் அப்பச்சியிடம் இதை மறைக்காமல் சொல்லுங்கள். முதல் சில வருஷம் சம்பளம் சொற்பமாகத்தான் இருக்கும், தீபாவளி பொங்கலுக்கு லீவு கிடைக்காது, சென்னையில் அறை வாடகைக்கு வீட்டிலிருந்து பணம் அனுப்ப வேண்டி வரலாம். அதற்கு எவ்வளவு ஒதுக்க முடியும் என்று இப்போதே கணக்குப் போட்டு வைத்தால் பிறகு மனத்தாங்கல் வராது. அந்த மூன்று நிமிட வீடியோவை எடுத்து முடித்ததும் தம்பியையும் அவன் அப்பச்சியையும் சேர்த்தே என்னிடம் அனுப்புங்கள்.